கேட்டலிஸ்ட்டோட மேல்தோல் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எக்ஸ்ரே உடம்பையே ஊடுருவி எலும்பைக் காட்டுது. ஆனா எக்ஸ்பிஎஸ்னு (எக்ஸ்ரே ஃபோட்டோஎலக்ட்ரான் ஸ்பெக்ட்ராஸ்கோப்பி) எக்ஸ்ரே அடிச்சு சோதிக்கிற மெஷின், கேட்டலிஸ்ட்டோட (வினையூக்கியோட) மேல்தோலை மட்டும்தான் பாக்கும்ங்கறாங்களே, எப்படி சார்?

பதில்: எக்ஸ்ரே உள்ள போகத்தான் செய்யுது, மைக்ரான் கணக்குல போகும். ஆனா நாம அளக்குறது எக்ஸ்ரேயை இல்லீங்க, அது தட்டிவிட்டு வெளிய வர்ற எலக்ட்ரானை. தேர்க் கூட்டத்துல ஓரமா நின்னவன் சட்டை கசங்காம வந்துடுவான், நடுவுல மாட்டுனவன் பட்டன் பிஞ்சு ஒத்தைச் செருப்போடதான் வருவான், அந்தக் கதைதான். மேல சில நானோமீட்டர்ல கிளம்புன எலக்ட்ரான் மட்டும் எனர்ஜி குறையாம வந்து கிராஃப்ல பீக்கா (கூரான மேடா) நிக்கும், ஆழத்துலேர்ந்து வர்றது மோதி மோதி எனர்ஜியைத் தொலைச்சு பேக்ரவுண்டுல கரைஞ்சுடும். கேட்டலிஸ்ட்டுக்கு அந்த மேல்தோல்தானே வேணும், ரியாக்‌ஷன் நடக்குறதே அங்கதான்.

இந்த மெத்தடை வளர்த்தெடுத்தவர் ஸ்வீடன் உப்சாலாவுல இருந்த கை சீக்பான், 1981ல ஃபிசிக்ஸ் நோபல். அவங்க அப்பாவுக்கும் நோபல் உண்டு, 1924க்கானது (சில வீட்ல இப்படியும் நடக்குது). சோடியம் தயோசல்ஃபேட்டை அந்த குரூப் மெஷின்ல வெச்சப்ப கந்தகத்துக்கு ரெண்டு பீக் வந்துச்சு, ஏன்னா அதுல இருக்குற ரெண்டு கந்தக அணுவும் ஒரே நிலைமைல இல்ல. தனிமம் எதுன்னு மட்டும் இல்லாம அது எந்த நிலைமைல இருக்குன்னும் இதுல தெரியும்ங்கறது அப்படித்தான் பிடிபட்டுச்சு.

கேள்வி: நான் பிஎச்டி பண்றேன். என் காப்பர் கேட்டலிஸ்ட்ல பீக் 932.5 எலக்ட்ரான் வோல்ட்ல வருது. மெட்டல்னு எழுதிடலாமா?

பதில்: அவசரப்படாதம்மா. காப்பர் மெட்டலும் குப்ரஸ் ஆக்சைடும் (Cu₂O) கிட்டத்தட்ட ஒரே இடத்துலதான் உக்காரும், பைண்டிங் எனர்ஜிய (எலக்ட்ரானை அணு பிடிச்சு வெச்சிருக்குற எனர்ஜி, உன்னோட 932.5 அதுதான்) மட்டும் வெச்சு பிரிக்கவே முடியாது. ஆஜர் பீக்கையும் எடு (உள்ள காலியான இடத்தை இன்னொரு எலக்ட்ரான் நிரப்புறப்ப, மிச்ச எனர்ஜில வெளிய துள்ளுற எலக்ட்ரானோட பீக்), மெட்டல்னா கைனடிக் எனர்ஜி 918.6 பக்கம், குப்ரஸ்னா 916.8 பக்கம். (கோர்ட்ல ஆஜராகுற ஆஜர் இல்ல, பியர் ஓஷேன்னு ஒரு ஃப்ரெஞ்சுக்காரர், நம்ம ஊர் வாய்ல அப்படி ஆயிட்டாரு.) குப்ரிக் ஆக்சைடு (CuO) மட்டும் நல்ல புள்ள, 933.6 கிட்ட பீக், 940லேர்ந்து 945 வரைக்கும் சாட்டிலைட்னு தனியா மேடு கட்டிக்கிட்டு வரும்.

இன்னொன்னு, வேக்யூம்ல எக்ஸ்ரே அடிக்க அடிக்க அந்த குப்ரிக்கே ரெட்யூஸ் ஆகும் (ஆக்சிஜனை இழக்கும்). அதனால ராத்திரி முழுக்க ஸ்கேன் போட்டுட்டுப் போய் தூங்கிடாத, காப்பரை முதல்ல சின்ன ஸ்கேனா எடு, கடைசில திரும்ப ஒரு தடவ எடு, சாட்டிலைட் குறைஞ்சிருந்தா நீ பாக்குறது உன் சாம்பிளை இல்ல, மெஷின் பண்ணின வேலையை. இதுவே இப்படின்னா, மெத்தனால் ரியாக்டர்ல 50 பார் பிரஷர்ல 250 டிகிரில ஓடுனதை காத்துல எடுத்துட்டு வந்து, மில்லிபார்ல நூறு கோடில ஒரு பங்கு வேக்யூம்ல வெச்சு "இதுதான் ஆக்டிவ் சைட்"னு (ரியாக்‌ஷன் நடக்குற இடம்னு) பேப்பர்ல எழுதுறதைப் பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது. வழியில ஆக்சைடு ஆகியிருக்கும்ல? காத்து படாம குளோவ் பாக்ஸ்லேர்ந்து (காத்து புகாத பெட்டி) மாத்து, இல்லன்னா சில மில்லிபார் வாயுவுக்குள்ளயே எடுக்குற நியர் ஆம்பியன்ட் மெஷின் கிடைக்குதான்னு கேளு, அதுலயும் 50 பார் வராது.

கேள்வி: அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மேல ஒரு சதவீதம் பிளாட்டினம் போட்டேன், 4எஃப் பீக்கே சரியா தெரியல. சாம்பிள் வீணா?

பதில்: சாம்பிள் மேல தப்பில்லப்பா. பிளாட்டினம் 4எஃப் (4எஃப், 2பி, 4டி எல்லாம் எலக்ட்ரான் கிளம்புற ஆர்பிட்டலோட பேர்) 71லயும் 74லயும் வரும், அலுமினாவோட அலுமினியம் 2பி அதே 74ல மலையாட்டம் நிக்கும். நானும் ஆரம்பத்துல இதை ஃபிட் பண்றேன்னு ஒரு வாரம் மல்லுக்கட்டி, சீனியர்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன். 314 பக்கம் 4டி பீக்கை எடு. கொஞ்சம் அகலமா, மொண்ணையாதான் இருக்கும், ஆனா அலுமினியம் குறுக்க வராது.