கொல்லம் 1075 எந்த ஆண்டு? தமிழக–கேரள எல்லையோர வாசகர்களின் புத்தகக் கேள்விகள்

கேள்வி: தாத்தாவின் மரப்பெட்டியில் ஒரு பழைய பாட்டுப் புத்தகம் கிடைத்தது. முகப்பில் ‘கொல்லம் ௲௭௰௫, விகாரி௵’ என்று இருக்கிறது. இது எந்த ஆண்டு? நல்ல விலை போகுமா? (பாறசாலை)

பதில்: ௲ ஆயிரம், ௭௰ எழுபது, ௫ ஐந்து; ௵ என்பது வருடம். ஆகக் கொல்லம் 1075. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும் வரை 824ஐயும், ஜனவரி முதல் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். அதன்படி 1899 ஆகஸ்டுக்கும் 1900 ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட காலம். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் தமிழ் வருடப் பெயரான ‘விகாரி’ இதை இன்னும் நெருக்கித் தருகிறது. 1900 சித்திரையில் அடுத்த வருடமான சார்வரி பிறந்துவிட்டது. எனவே உங்கள் புத்தகம் அதற்கு முன்பே, 1899 ஆகஸ்டுக்கும் 1900 ஏப்ரலுக்கும் நடுவில் அச்சேறியிருக்கிறது. விகாரி என்று மட்டும் போட்டிருந்தால் 1839ஆ, 1899ஆ என்று திண்டாடியிருப்போம். இரண்டையும் சேர்த்துப் போட்ட அந்த அச்சுக்கூடத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை, பழமை மட்டும் போதாது. முகப்புத்தாள் இருக்கிறதா, பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா, வேறு எங்காவது பிரதி உண்டா என்பதையெல்லாம் பார்த்துத்தான் விலை அமையும். எடை போட்டு வாங்குபவரிடம் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை பழுத்து எழுத்தையே தின்றுவிடும். ஓரத்தை வெட்டிச் சீராக்கும் பைண்டிங்கும் வேண்டாம். ராமபாணப் பூச்சி ஈரத்தைத் தேடி வருவது. மழைக்காலத்தில் பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். விற்பதற்கு முன் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் காட்டி, ஒரு மின்பிரதி எடுக்க முடியுமா என்று கேளுங்கள். புத்தகம் கைமாறினாலும் பாட்டு தொலைந்துபோகாது.

கேள்வி: எங்கள் ஊர் வாசகசாலையில் தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. புதிய புத்தகம் வந்து பல வருடங்கள் ஆகின்றன. கேட்டால் சிரித்து மழுப்புகிறார்கள். (கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. கேரளத்தில் கட்டட வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. தமிழ் படிக்கும் வீடுகளும் அதைக் கட்டுகின்றன. பிறகு அலமாரி மட்டும் ஏன் வெறுமையாக இருக்க வேண்டும்?

ஆனால் உங்கள் கையில் ஒரு பலம் இருக்கிறது. 1945இல் பி.என். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கிரந்தசாலை (நூலக) இயக்கத்தின் வழிவந்த இந்த ஊர் நூலகங்களை, உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவே நடத்துகிறது. பத்துப் பதினைந்து பேராகச் சந்தா கட்டிச் சேருங்கள். பொதுக்குழுவுக்குத் தவறாமல் போங்கள். “தமிழ் நூல்கள் வாங்குங்கள்” என்று பொதுவாகச் சொன்னால் காற்றோடு போய்விடும். நூல், பதிப்பகம், விலை எல்லாம் குறித்த பட்டியலைக் கையெழுத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கேரள மாநில நூலக கவுன்சிலுக்கு எழுதுங்கள். அரசு அதிகாரியிடம் குறை சொல்லத் தமிழிலேயே மனு எழுதலாம். அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பெயரையும் உறுப்பினர் பட்டியலில் ஏற்றப் பாருங்கள். கடன் பதிவேட்டில் தமிழ்ப் புத்தகங்கள் நிறையப் பதிவாகியிருந்தால் யாராலும் மழுப்ப முடியாது.

கேள்வி: சென்னைக் கடை ஒன்றில் இணையம் வழியாக வாங்கிய நாவலில் ஒரு ஃபாரம் (சேர்த்து அச்சிடும் பதினாறு பக்கம்) இல்லை; முந்தைய பதினாறு பக்கங்களே மறுபடி வந்திருக்கின்றன. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார்கள். (குமுளி)

பதில்: அந்த வரி குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிகம். திரும்ப வந்த பக்கங்களைப் பக்க எண் தெரியும்படி படமெடுத்து, பில்லோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள். வழக்கு வரை போனாலும் சென்னைக்கு அலைய வேண்டாம்; நீங்கள் குடியிருக்கும் இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. பெரும்பாலான பதிப்பகங்கள் ஒரு கடிதத்திலேயே வேறு பிரதி அனுப்பிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: கோவை உக்கடத்தில் பழைய புத்தகம் வாங்கி வாளையாறு வழியாகக் கொண்டுவந்து விற்கிறேன். வரிச் சீட்டு வேண்டுமா? (பாலக்காடு)

பதில்: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, சரக்கு கொண்டுசெல்ல எடுக்கும் இ-வே பில்லும் தேவையில்லை. வாங்கிய ரசீது கையில் இருந்தால் போதும்.

கேள்வி: என் தம்பிக்குப் பார்வை இல்லை. அவன் கேட்கும் தமிழ் நாவல்களை ஸ்கேன் செய்து, கணினி வாசிக்கும்படி மாற்றிக் கொடுக்கிறேன். இது திருட்டு என்கிறார் நண்பர். (சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: இல்லவே இல்லை. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இதை வெளிப்படையாக அனுமதிக்கிறது. பார்வையற்றோருக்கான மராகேஷ் ஒப்பந்தத்தை 2014இல் உலகிலேயே முதலில் ஏற்றுறுதி செய்த நாடும் இந்தியாதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதே கோப்பை வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அனுப்பினால் மட்டும் அது உரிமை மீறல். எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை அவர் குடும்பத்துக்கு அந்த உரிமை இருக்கிறது. தம்பிக்குக் கொடுங்கள். அவரைப் போன்ற மற்ற பார்வையற்ற வாசகர்களுக்கும், லாபம் பார்க்காமல், தாராளமாகக் கொடுங்கள்.