சிறுநீரக மாற்றுக்குப் பின் கல்லீரலில் சார்கோமா: பயாப்ஸித் துண்டில் இன்னொரு சோதனை

கேள்வி: என் தம்பிக்கு 38 வயது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். ஸ்கேனில் கல்லீரலில் 4 செ.மீ., 2 செ.மீ. அளவில் இரண்டு கட்டிகள் தெரிந்தன. பயாப்ஸியில் 'லியோமயோசார்கோமா' என்று வந்திருக்கிறது. பரவிவிட்டதா? எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?

பதில்: மாத்திரைகளை நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரித்துவிடக்கூடும். குறைப்பதும் மாற்றுவதும் சிகிச்சையின் முக்கியப் பகுதிதான். ஆனால் அதைச் சிறுநீரக மருத்துவர் ரத்த அளவுகளைப் பார்த்தபடி செய்ய வேண்டும்.

முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, அந்த பயாப்ஸித் துண்டில் 'ஈபர்' சோதனை செய்தார்களா என்பதை. சார்கோமா என்பது தசை, கொழுப்பு போன்ற இணைப்புத் திசுக்களில் வரும் புற்றுநோய்; லியோமயோசார்கோமா அதில் மென்தசையில் (ரத்தக்குழாய், குடல் போன்றவற்றின் சுவரில் உள்ள தசை) வருவது. கல்லீரலிலேயே தொடங்கும் சார்கோமா மிக அரிது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவரிடம் மென்தசைக் கட்டி வந்தால், எப்ஸ்டீன்-பார் வைரஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வயது வந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள்; டி-செல்கள் எனும் நோய் எதிர்ப்பு வெள்ளணுக்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. அந்தக் காவல் தளரும்போது மென்தசை செல்களுக்குள் வைரஸ் தங்கி, அவற்றைப் பெருகச் செய்கிறது. உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடமும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் இந்தத் தொடர்பு 1995-லேயே விவரிக்கப்பட்டது. ஈபர் என்பது செல்லின் உள்ளே இருக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ.வைச் சாயமேற்றிக் காட்டும் சோதனை. மெழுகுக் கட்டையில் சேமித்த பழைய துண்டிலேயே செய்யலாம். திசு போதுமான அளவு இருந்தால் மறுபடி ஊசி குத்தத் தேவையில்லை. ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவு என்பதை வைத்து இந்தக் கட்டி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. கல்லீரல் புற்றுநோயைத் தேட ரத்தத்தில் பார்க்கும் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவும் இதில் உதவாது. இந்தக் கட்டி அதைச் சுரப்பதில்லை.

ஈபர் பாசிட்டிவ் என்றால் உங்கள் முதல் கேள்விக்கான பதிலே மாறிவிடும். இவ்வகையில் பல கட்டிகள் இருந்தால், அவை பெரும்பாலும் ஒன்றிலிருந்து ஒன்று பரவியவை அல்ல; தனித்தனி செல்களில் வைரஸ் புகுந்து தனித்தனியாக முளைத்தவை. எனவே இரண்டு கட்டி என்பதாலேயே 'நான்காம் நிலை' என்று எழுதிவிடக் கூடாது.

நெகட்டிவ் என்றால் வேறு இடத்திலிருந்து கல்லீரலுக்கு வந்ததா என்று தேடியாக வேண்டும். நெஞ்சு, வயிறு, இடுப்பு சி.டி., தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி. இரைப்பை, குடல் சுவரில் வரும் 'ஜிஸ்ட்' என்ற வேறு வகைச் சார்கோமாவைப் பிரித்தறிய, பயாப்ஸித் துண்டில் சி.டி.117, டாக்1 என்ற புரதங்களைக் காட்டும் சாயச் சோதனைகள்.

இவருக்கு ஸ்கேனில் சீழ்க்கட்டி, காசநோய், லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) எல்லாமே ஏறக்குறைய இதே போலத் தெரியலாம். மறுபடி பயாப்ஸி எடுக்க நேர்ந்தால் ஒரு துண்டை ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல், கிருமி நீக்கிய உப்புநீரில் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலினில் விழுந்த துண்டில் கிருமி வளராது.

சிகிச்சையில் முதலிடம் அறுவைக்கு: முழுதாக எடுக்க முடிந்தால் எடுப்பது. கூடவே மருந்துகளின் மொத்த அளவைக் குறைத்து, டாக்ரோலிமஸுக்குப் பதில் சிரோலிமஸ் என்ற இன்னொரு எதிர்ப்புச் சக்தி குறைக்கும் மருந்தைத் தருவதுண்டு. இந்தக் கட்டிகளில் முடுக்கிவிடப்பட்டிருக்கும் எம்-டார் பாதையை (செல்களை வளரத் தூண்டும் சமிக்ஞை வழி) அது தடுக்கிறது, சிறுநீரகத்தையும் காக்கிறது. ஆனால் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், தையல் நன்றாக ஆறிய பிறகே தொடங்குவது நல்லது. தொடங்கும் முன் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்; ஏற்கெனவே அதிகமாக இருந்தால் இம்மருந்து அதைக் கூட்டும். தொடங்கிய பிறகு ரத்தத்தில் மருந்தின் அளவு, கொழுப்பு, ட்ரைகிளிசரைடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வாய்ப்புண் வருவது சகஜம். காரணமில்லாத வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், அது நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல், ஆன்டிபயாடிக்கான கிளாரித்ரோமைசின் ஆகியவை ரத்தத்தில் சிரோலிமஸின் அளவை ஏற்றிவிடும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். யார் எந்த மாத்திரை எழுதினாலும் சிரோலிமஸ் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள்.

கீமோதெரபியால் இவ்வகைக் கட்டியில் கிடைக்கும் பலன் குறைவு. ஈபர் முடிவு வரும் முன் அதைத் தொடங்கினால், ஏற்கெனவே தளர்ந்த எதிர்ப்புச் சக்தி மேலும் சரியும். அவசரமான நெருக்கடி எதுவும் இல்லையென்றால், அந்த முடிவுக்காகச் சில நாள் காத்திருக்கலாம்.