கொழிஞ்சாம்பாறையில் மூன்றடித் தொட்டியில் ஹில்ஸ்ட்ரீம் லோச் வளர்க்க ஆற்றோட்டம் அமைப்பது எப்படி? பாலக்காட்டு வெயிலை அந்த மீன் தாங்குமா?

தாங்க வைக்கலாம். ஆனால் பம்ப் வாங்குவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். தொட்டி வைக்கப்போகும் அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கோடையில் மத்தியானம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி காட்டுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். மலை ஓடைப் பாறையில் ஒட்டி வாழும் இந்தச் சிறு மீனுக்கு 20 முதல் 24 டிகிரி நல்லது, 26 வரை பொறுத்துக்கொள்ளும். 28-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் ஒவ்வொன்றாகப் போய்விடும். எல்லோரும் ஓட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நம் பக்கத்தில் இந்த மீனைக் கொல்வது பெரும்பாலும் சூடுதான்.

20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும்; 30 டிகிரியில் அது சுமார் 7.5 ஆகிவிடும். அதே நேரத்தில் சூடு ஏற ஏற மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. அயிரைக்கு இது தூரத்துச் சொந்தம்தான், ஆனால் அயிரை போலக் கலங்கிய வாய்க்காலில் காலம் தள்ளாது. பாறையில் மோதி நுரைக்கிற தண்ணீரில் வாழ்ந்து பழகிய உடம்பு இது.

உங்கள் தொட்டி 36×15×15 அங்குலம் என்றால், கல்லும் மணலும் போக ஏறத்தாழ 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். இதைக் குளிர்விக்க ஐஸ் பாட்டில் போடச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் ஐஸ் முழுக்க உருகினாலும் ஒரு டிகிரிதான் இறங்கும், அதுவும் சாயங்காலத்துக்குள் திரும்ப ஏறிவிடும். தண்ணீர் ஆவியாவது அதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது. ஒரு லிட்டர் ஆவியாகும்போது எடுத்துக்கொண்டு போகும் வெப்பம், 110 லிட்டரை ஐந்து டிகிரி இறக்கப் போதுமானது. அறையிலிருந்து சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் விசிறி வைத்தால் கையில் கிடைப்பது 2 முதல் 4 டிகிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வறண்டு வீசும் மாதங்களில் நன்றாக இறங்கும். புழுக்கமான நாட்களில் குறைவு. கம்ப்யூட்டருக்குப் போடும் 12 வோல்ட் விசிறி இரண்டைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் சாய்வாக அடிக்கும்படி வையுங்கள். ஆவியான அளவை ஆர்ஓ தண்ணீராலோ மழைத் தண்ணீராலோ ஈடு செய்யுங்கள். போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு தொட்டியில் தங்கித் தங்கிக் கூடிவிடும்.

வாளித் தண்ணீர் 29-ஐத் தாண்டவில்லை என்றால் விசிறியே போதும். 32 காட்டினால் பத்தில் ஒரு குதிரைத்திறன் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வேண்டும், அல்லது கோடை முழுக்க ஏசி ஓடும் அறை வேண்டும். இரண்டும் முடியாதென்றால் இந்த மீன் வேண்டாம் என்பதே என் கருத்து. மூணாறு, பீருமேடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே ஜனவரி இரவுக்கு ஒரு 50 வாட் ஹீட்டரை 20 டிகிரியில் வைத்தால் சரி.

இனி ஓட்டம். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் 10 முதல் 15 தடவை சுற்ற வேண்டும். மணிக்கு 1000 லிட்டர் என்று பெட்டியில் போட்டிருக்கும் பவர்ஹெட் (தண்ணீருக்குள் வைக்கும் பம்ப்) இரண்டு வாங்குங்கள். கீழே சொல்லும் ஸ்பான்ஜும் குழாயும் தின்றது போக மிச்சம் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பவர்ஹெட் இழுக்கும் மின்சாரம் கடைசியில் சூடாகத் தண்ணீருக்குள்தான் போகிறது, அதனால் வாட் குறைந்த டிசி பம்ப் பார்த்து வாங்குவது நல்லது.

பம்புகள் இரண்டும் வலது கோடியில், ஸ்பான்ஜ் இரண்டும் இடது கோடியில். மேலே தண்ணீர் வலமிருந்து இடமாக ஓடும். ஸ்பான்ஜ் வழியாக இறங்கி, சரளைக்கு அடியில் கிடக்கும் குழாய் வழியாகப் பம்புக்குத் திரும்பும். 25 எம்எம் பிவிசி பைப் இரண்டை, தொட்டி நீளத்துக்கு மூன்று அங்குலம் குறைத்து வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஓர் எல்போ, அதன்மேல் செங்குத்தாக ஒரு துண்டு. வலப்பக்கத் துண்டு பம்பின் வாய் எட்டும் உயரத்துக்கு, இடப்பக்கத் துண்டு நான்கு அங்குலம். அந்த இடத்துண்டில் சுற்றிலும் துளை போட்டு ஸ்பான்ஜைச் செருகுங்கள். பம்ப் வாய்க்கும் பைப்புக்கும் அளவு சேராது. அங்கே ஒரு துண்டு தோட்டத்து ஹோஸ் போட்டு இறுக்கினால் நின்றுவிடும். 20 எம்எம் பைப் மலிவு என்று அதை வாங்காதீர்கள், உராய்வில் பம்பின் பலம் குறைந்துவிடும்.

இரண்டு குழாயையும் குறுக்கே இணைக்கச் சொல்லிச் சில படங்களில் இருக்கும். இரண்டே பம்ப் உள்ள தொட்டியில் அது வேண்டாம். ஒன்று நின்றுபோனால் மற்றது, நின்ற பம்ப் வழியாகவே தண்ணீரைக் குறுக்கில் இழுக்கும். ஸ்பான்ஜ் பக்கம் ஓட்டமே இருக்காது. தனித்தனியாக இருந்தால் ஒன்று நின்றாலும் மற்ற பாதி முழுசாக வேலை செய்யும். மூட்டுகளுக்கு சால்வென்ட் பசையும் வேண்டாம். டெஃப்லான் டேப் சுற்றி அழுத்திச் செருகினால் போதும், ஆறு மாதம் கழித்துக் கழற்றிக் கழுவலாம்.

குழாய்க்கு அடுத்தபடி கல். பெரிய கற்களை நேராகத் தரையில் உட்கார வைத்த பிறகுதான் சரளை கொட்ட வேண்டும். கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் ஒன்று விரியுங்கள். சரளை மேல் கல் வைத்தால் நாள்பட அடியில் மணல் விலகி, கல் உருண்டு கண்ணாடியில் மோதும். 3 முதல் 5 எம்எம் சரளை, இரண்டு அங்குலக் கனம் இருந்தால் குழாய் மறைந்துவிடும். கற்கள் உருண்டையாக, வழவழப்பாக இருக்கட்டும். வினிகர் விட்டால் நுரைக்கும் கல்லில் சுண்ணாம்பு இருக்கிறது, அது ஆகாது. சித்தூர்ப் புழையில் இறங்கி அள்ள வேண்டாம், தோட்ட அலங்காரக் கடையில் கிடைக்கும். எல்லா இடத்திலும் ஒரே வேகம் இருக்கக்கூடாது. பெரிய கல்லுக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக நிற்கும் இடம் இரண்டு மூன்று கட்டாயம் வேண்டும். மீனே இடம் பார்த்துக்கொள்ளும்.

தொட்டியை ஐந்தாறு வாரம் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் ஆன பிறகுதான் மீன். இந்த அவகாசத்தில் ஏழெட்டுக் கற்களை ஒரு டப்பில் தொட்டித் தண்ணீரோடு வெயிலில் வைத்துப் பாசி பிடிக்க விடுங்கள். டப்பின் மேல் கொசுவலை கட்டாயம். வாரத்துக்கு இரண்டு கல்லை மாற்றி மாற்றித் தொட்டிக்குள் வையுங்கள். புதுத் தொட்டியில் இந்த மீன் சாவதற்கு இன்னொரு பெரிய காரணம் பட்டினி. பளபளவென்ற கல்லில் மேய ஒன்றும் இருக்காது. பாசி மட்டும் தின்னும் என்பதும் தவறு. உறைய வைத்த ரத்தப்புழு, ஆல்கே வேஃபர் (பாசி வில்லை), கொதிநீரில் போட்டெடுத்த பீர்க்கங்காய்த் துண்டு எல்லாம் எடுக்கும். கடையில் வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மீனின் வயிற்றைப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

வாங்க எளிதானது வியட்நாமைச் சேர்ந்த செவெல்லியா லினியோலாட்டா. ஆறு சென்டிமீட்டர் வளரும், உங்கள் தொட்டிக்கு ஐந்தாறு போதும். ஆண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுழலும். பயப்படாதீர்கள், காயம் ஆகாது. துணைக்கு ஜீப்ரா டேனியோ பத்து விடலாம். மிஸ் கேரளா மீன் அழகுதான், ஆனால் 15 சென்டிமீட்டர் வளரும் கூட்டமீனுக்கு மூன்றடி போதாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஹில்ஸ்ட்ரீம் லோச் வகை மீன்கள் உண்டு: பவானியா ஆஸ்ட்ராலிஸ், டிராவன்கோரியா ஜோன்ஸி, இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறையின் பெயரையே தாங்கிய ஒன்று கூட. இவை உலகில் வேறெங்கும் இல்லை. ஓடையில் வலை போட்டுப் பிடித்து வராதீர்கள். சரணாலயத்துக்குள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பராமரிப்பு சுலபம். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், போர் தண்ணீர் கடினமாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்து. ஸ்பான்ஜை, மாற்றும்போது வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள், குழாயடியில் கழுவினால் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா போய்விடும். ஓட்டம் மெல்லக் குறைந்தால் ஸ்பான்ஜ் அடைத்திருக்கிறது. பம்ப் கரகரத்தால் நீர்மட்டம் இறங்கிக் காற்றை இழுக்கிறது. மேலே கண்ணாடி மூடிக்குப் பதில் வலை போடுங்கள். ஈரக் கண்ணாடியில் மீன் ஏறி வெளியே போய்விடும், மூடினாலோ விசிறிக்கு வேலை இல்லை. கரண்ட் போகும் மாலைகளுக்கு டிசி பம்புகளை வீட்டு இன்வெர்ட்டரில் சேர்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்.