தூளா, சீவலா?

பழைய சங்கிலி ரம்பம் (செயின்சா) மரத்தில் இறங்கவே மாட்டேன் என்கிறது, புகை வேறு வருகிறது, 35 சிசி என்ஜினை விட்டுவிட்டு 60 சிசி வாங்கலாமா, பெட்ரோலா பேட்டரியா, எந்த பிராண்டு என்று ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலம், விறகடுப்பு உள்ள வீடு என்றும் எழுதியிருக்கிறீர்கள். படித்தவுடன் என் வலது தோள் வலித்தது. பழைய வலி அது.

முதலில் குனிந்து தரையைப் பாருங்கள். மாவு போல் தூள் கொட்டியிருந்தால் சங்கிலி மழுங்கிவிட்டது. நகத்துண்டு அளவில் சீவல் சீவலாக விழுந்தால்தான் பல் மரத்தைக் கடிக்கிறது என்று அர்த்தம். புகை என்ஜினிலிருந்து வராமல் வெட்டுவாயிலிருந்து வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: மழுங்கிய பல், பாருக்கு, அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டுக்கு, எண்ணெய் வராதது. எண்ணெயைச் சோதிக்க, ரம்பத்தின் நுனியை ஒரு வெளுத்த அடிமரத்துக்கு நேரே சற்றுத் தள்ளிப் பிடித்து முடுக்குங்கள். மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வெட்டு ஒரு பக்கமாகவே வளைந்து போனால் அந்தப் பக்கத்துப் பற்களும் மறுபக்கத்துப் பற்களும் ஒரே நீளத்தில் இல்லை, அல்லது பார் தேய்ந்திருக்கிறது.

சங்கிலியில் பற்கள் ஒன்று இடமும் அடுத்தது வலமுமாக இருக்கும். மரத்தைக் குடையும் புழு இப்படி மாறி மாறிக் கடிப்பதைப் பார்த்துத்தான் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி 1947-இல் இந்த வகைச் சங்கிலியைச் செய்தார். அதனால் நீங்கள் அரம் போடும்போது ஒரு பக்கத்துப் பற்கள் முழுவதையும் முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். சிறிய ரம்பங்களின் சங்கிலிக்குப் பெரும்பாலும் 4 மி.மீ. உருண்டை அரம் போதும். சரியான அளவு சங்கிலியின் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் தொப்பியைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு, முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் எண்ணி மூன்று தள்ளு. பல்லின் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கூரான விளிம்பு மின்னாது. வெள்ளைக் கோடாக ஏதாவது மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கல்தான். பல்லுக்கு முன்னால் ஒரு சிறு மேடு இருக்கிறதே, அது பல்லைவிடச் சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதைக் கண்டபடி தேய்த்துவிடாதீர்கள். அளவுக்கு மேல் தாழ்ந்தால் ரம்பம் மரத்தைக் கவ்வித் துள்ளும்.

துள்ளல் என்றதும் சொல்லிவிடுகிறேன். பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால் ரம்பம் கண் இமைப்பதற்குள் உங்கள் முகத்தை நோக்கித் திரும்பும். மழுங்கிய சங்கிலியோடு உடம்பின் முழு எடையையும் போட்டு அழுத்துகிறவனுக்கு அது திரும்பும்போது கையில் பிடி இருக்காது. தோளுக்கு மேலே தூக்கி அறுக்காதீர்கள். பாதுகாப்புக் கால்சட்டை வாங்காமல் புதிய ரம்பத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பிராண்டுச் சண்டைக்கு நான் வரவில்லை. பேட்டரியா பெட்ரோலா என்பதும் உங்கள் விருப்பம். 40 செ.மீ. பாருக்குள் அடங்கும் விறகுக்கு 35 சிசி தாராளம். கூரான சங்கிலி போட்ட பிறகும் தடித்த மரத்தில் என்ஜின் திணறினால் அப்போது 50 சிசி பற்றி யோசிக்கலாம். இங்கே நம்மவர்களில் ஒரு கூட்டம் உண்டு. எது ஓடவில்லையென்றாலும் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்குவார்கள். ஒருவர் இரண்டு குளிர்காலத்தில் மூன்று ரம்பம் வாங்கினார். மூன்றுமே ஒரு நொடி மண்ணைத் தொட்டு மழுங்கியவை. மூன்றும் அப்படியே அவர் கொட்டகையில் தொங்குகின்றன. அவர்தான் எல்லாருக்கும் ஆலோசனையும் சொல்லுகிறார்.

அவரைக் குறை சொல்ல எனக்கும் முழுத் தகுதி இல்லை. நான் வந்த வருடம் புதுச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஒரே கட்டையோடு மல்லுக்கட்டினேன். புகை, கருகல் நாற்றம், முழங்கை ஆழத்துக்குக்கூட வெட்டு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் பனியில் நடந்து வந்து, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அவர் மொழி எனக்குப் பாதிகூடப் புரியாத காலம். கீழே கிடந்த தூளை ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினார். பிறகு மூடியைக் கழற்றி, சங்கிலியை எடுத்து, திருப்பி மாட்டினார். நான் பற்களைப் பின்பக்கம் பார்க்க மாட்டியிருந்தேன். அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அவருக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. அவருடைய ரம்பத்துக்கும் நான்தான் அரம் போட்டுக் கொடுக்கிறேன். வாங்கியவுடன் கையுறை போட்ட விரலால் ஒரு பல்லைத் தடவி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோகிறார்.