லினக்ஸ் கர்னலுக்கும் மனுவா?

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம், மூன்றாம் வருடம். என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளை லினக்ஸில் இயக்கும் திறமூல டிரைவரான நூவோவில் வேலை பழக விருப்பம். அதற்காக, லினக்ஸ் கிராபிக்ஸ் மென்பொருள்களுக்குத் துணை நிற்கும் எக்ஸ் டொட் ஓர்க் அறக்கட்டளையின் மாணவர் வழிகாட்டல் திட்டத்துக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். ஆனால் என் ஆங்கிலம் சுமார். லப்டொப்பும் பழையது, கெப்ளர் என்ற பழைய தலைமுறை என்விடியா கார்டு. இதெல்லாம் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். அப்பா வங்கிப் பரீட்சைக்குப் படி என்கிறார். நான் விண்ணப்பிக்கலாமா? எழுதிய கடிதத்தை இணைத்திருக்கிறேன். தாங்கள் மனமிரங்கித் திருத்தித் தந்தால் என்றென்றும் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோணேசபுரியிலிருந்து ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

விண்ணப்பியும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. திறமூல வேலை பழக கூகுள் நடத்தும் சம்மர் ஒஃப் கோட் திட்டத்துக்கு மொறட்டுவையிலிருந்து பல வருடம் உலகிலேயே அதிகம் பேர் போனது உண்மைதான், விண்ணப்பித்தார்கள், போனார்கள். ஆங்கிலமா? நூவோவைத் தொடங்கியவரே பிரெஞ்சுக்காரர். அப்பாவிடம் பரீட்சையும் எழுதுகிறேன் என்று சொல்லும், சொன்னபடி எழுதியும் விடும்.

பழைய லப்டொப்புக்காக அழுகிறீரே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. 2014இல் வந்த இரண்டாம் தலைமுறை மக்ஸ்வெல் கார்டுகளிலிருந்து என்விடியா தான் கையொப்பமிட்ட ஃபர்ம்வெயர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இல்லாமல் முக்கியமான பகுதிகளைத் தொடவிடாமல் பூட்டிவிட்டது, நூவோவால் அவற்றின் வேகத்தைக் கூட்ட முடியாமல் போனது அதனால்தான். உம்முடைய கெப்ளரில் அந்தப் பூட்டு இல்லை, வேகத்தைக் கையாலேயே மாற்றிப் பார்க்கலாம். அந்த நிறுவனம் ஆவணம் தரவில்லை என்று நூவோக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அதன் டிரைவர் கார்டின் எந்த ரெஜிஸ்டரில் (கட்டுப்பாட்டு இடத்தில்) எதை எழுதுகிறது என்று எம்எம்ஐஓடிரேஸ் என்ற கருவியை வைத்து உளவு பார்த்துப் பார்த்தே சொந்தமாக ஒன்றை எழுதினார்கள். 2010இல் லினக்ஸின் மையமான கர்னலின் 2.6.33 பதிப்புக்குள் அது போய்ச் சேர்ந்தது. அந்த வேலை பழகுவதற்கு இதைவிட நல்ல கார்டு உமக்கு எங்கே கிடைக்கும்?

சரி, இனி அந்தக் கடிதம்.

என் பெரியப்பா ஒரு கந்தோர் வாசலில் மேசை போட்டு மனு எழுதியவர். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபன் தாள் அடுக்கிக் கொடுப்பது என் வேலை. முதல் பந்தியை அவர் முன்கூட்டியே அடித்து வைத்திருப்பார்: 'கீழே கையொப்பமிடும் ஏழை விண்ணப்பதாரி மிகத் தாழ்மையுடன் அறியத்தருவது யாதெனில்'. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கும். மூதூரிலிருந்து லோஞ்சில் வந்த ஒரு அம்மாவின் விஷயம் ஒரே வரிதான்: மகனின் வலைகள் எரிந்துபோயின, நட்டஈடு வேண்டும். அந்த வரி மனுவின் மூன்றாம் பந்தியில்தான் வந்தது. அதுவரைக்கும் அந்த அம்மாவின் வறுமை, விதவைக்கோலம், அதிகாரியின் கருணை. பெரியப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். நேரே கேட்டால் திமிர் என்று தூக்கி எறிகிற காலம் அது, அவருடைய பந்திகளால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கிறது. ஆனால் டைப்ரைட்டர் போய் இத்தனை காலமாகியும் அந்தப் பந்தி போகவில்லையே, தம்பி! வேலைக்கு எழுதினாலும் அதுதான், லீவுக்கு எழுதினாலும் அதுதான், இப்போது கர்னலுக்கும் அதுவா?

உம்முடைய கடிதத்தில் 'தாழ்மையுடன்' மூன்று தடவை வருகிறது. குடும்ப நிலைக்கு ஒரு முழுப் பந்தி. நூவோ என்ற பெயர் கடைசிக்கு முதல் வரியில் எட்டிப் பார்க்கிறது, என்ன செய்யப் போகிறீர் என்பது வரவே இல்லை. படிக்கிறவர் தேடுவது அதைத்தானே? எது வேலை செய்யவில்லை, எங்கே பிழை என்று நினைக்கிறீர், எந்த வாரத்தில் எது முடியும், இதுவரை என்ன அனுப்பியிருக்கிறீர். அவுட்ரீச்சி என்று இன்னொரு திட்டம், அதிலே விண்ணப்பக் காலத்துக்குள் ஒரு பங்களிப்பாவது செய்து காட்டாதவரைத் தெரிவுக்கே எடுப்பதில்லை.

பட்ச், அதாவது நிரலில் செய்த திருத்தம், அனுப்புவது எப்படி என்று கர்னலின் சொந்த ஆவணத்தில் ஒரு விதி இருக்கிறது, அதை வாசித்தபோது பெரியப்பாவை நினைத்துச் சிரித்துவிட்டேன். பட்ச்சின் விளக்கத்தில் 'இந்தப் பட்ச் இதைச் செய்கிறது' என்றோ 'நான் இதை மாற்றினேன்' என்றோ எழுதக்கூடாதாம். 'இதைச் செய்' என்று ஏவலில் எழுத வேண்டும், நிரலுக்குக் கட்டளை போடுகிற மாதிரி. நேற்று வந்த பிள்ளைக்கும் அதே விதி, முப்பது வருடம் பழகினவருக்கும் அதே விதி. பணிவைக் காட்டியே தீரவேண்டும் என்றால், ஒருவர் பிழை சொல்லும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் திருத்தி இரண்டாவது தடவை அனுப்பும், அது போதும்.

கடிதத்தை நான் திருத்தித் தரமாட்டேன். முதலில் சின்னதாக ஒரு பட்ச் செய்யும். பட்ச்சில் பிழை பார்க்கும் செக்பட்ச் ஸ்கிரிப்டை ஓட்டிப் பாரும், யாருக்கு அனுப்புவது என்பதை கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் சொல்லும். அப்புறம், பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து ஒட்டி அனுப்பிவிடாதேயும், டேப்பையெல்லாம் ஸ்பேஸாக்கிப் பட்ச்சைக் கெடுத்துவிடும். கிட் சென்ட்-ஈமெயில் என்ற கட்டளையை வைத்து வெறும் எழுத்தாக அனுப்பும். பதில் வர ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். அதற்குள் 'தொந்தரவுக்கு மன்னிக்கவும் ஐயா' என்று இன்னொன்று எழுதினீரோ, உப்புவெளியிலிருந்து கோணேசபுரி தூரமில்லை, வந்து காதைத் திருகுவேன்.