பொதுப் பாதையில் வானம் தோண்டிவிட்டார்கள்: உடனே ஸ்டே கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் அண்ணாச்சிக்கு வணக்கம். சேரன்மகாதேவி பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயல். 1987 பாகப்பிரிவினைப் பத்திரத்தில், பெரியப்பா பங்கின் ஓரமாக எட்டடிப் பொதுப் பாதை எழுதியிருக்கிறது. இப்போது பெரியப்பா மகன் அதில் சுவர் வைக்க வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிவிட்டார். ஒரு மாதமாக ஊரில் பேசியும் பயனில்லை. "வாய்க்கால் கரை வழியாப் போயேன்" என்கிறார். ஸ்டே வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். நாம் ஸ்டே என்பதைக் கோர்ட்டில் இடைக்கால உறுத்துக்கட்டளை என்பார்கள். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம், கட்டளை 39, விதி 1, 2. அதை மட்டும் தனியாகக் கேட்க முடியாது. அசல் வழக்கு போட்டு, அதோடு மனுவாகத் தர வேண்டும்.

நீதிபதி மூன்று விஷயங்களைப் பார்ப்பார். முதல் பார்வையிலேயே விசாரிக்கத்தக்க வழக்கு இருக்கிறதா? இதற்கு முழு உரிமையையும் இப்போதே நிரூபிக்க வேண்டியதில்லை. 1991-ல் தல்பத் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்களுக்குப் பத்திரமே பேசுகிறது, கவலை வேண்டாம். பாதை காட்டும் புலப்படம் (சர்வே வரைபடம்) இருந்தால் அதையும் சேருங்கள்.

அடுத்தது, தடை தந்தால் அவருக்கு வரும் சிரமமா, தராவிட்டால் உங்களுக்கு வரும் சிரமமா, எது பெரிது என்பது. சுவர் நாலு மாதம் தள்ளிப்போனால் அவருக்குப் பெரிய நட்டமில்லை.

மூன்றாவதில்தான் சிக்கல். பணத்தால் ஈடுகட்ட முடியாத இழப்பு வருமா என்று கேட்பார்கள். மாற்று வழி இருக்கிறதே என்று வாய்க்கால் கரையை எதிர்த் தரப்பு இங்கேதான் இழுக்கும். அதை மறைத்து மனு எழுதச் சொல்லும் ஆட்கள் உண்டு, கேட்காதீர்கள். மறைத்தது தெரிந்தால், நல்ல வழக்கிலும் தடை கைநழுவிப் போகும். கரை இருப்பதை நீங்களே எழுதுங்கள். கூடவே, அதில் ஆள் நடக்கலாம், அறுவடை மிஷினும் நெல் ஏற்றும் டிராக்டரும் போகாது என்பதையும் எழுதுங்கள். பிசானப் பருவ நெல் முற்றி நிற்கும்போது மிஷின் உள்ளே வராவிட்டால் என்ன ஆகும் என்று நம் பக்கத்து நீதிபதிக்கு விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் மனுவில் இருக்க வேண்டும். கரையின் அகலத்தையும் பாதையின் இன்றைய நிலையையும் அளந்து சொல்ல, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரைக் கேளுங்கள். கட்டளை 26, விதி 9.

ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்ததைத் தாமதம் என்பார்கள். எந்தத் தேதியில் யார் முன்னிலையில் பேசினீர்கள் என்று எழுதிவிடுங்கள். இனிமேல் காத்திருக்க வேண்டாம். சுவர் எழும்பிவிட்டால் அதை இடிக்கச் சொல்லிக் கேட்க வேண்டிவரும். வழக்கு முடியும் முன்னே அப்படி உத்தரவு வாங்குவது ரொம்பக் கடினம்.

அவசரம் என்றால் எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும் முன்பே தடை தரலாம். அதற்கான காரணத்தை நீதிபதி எழுத வேண்டும். தன்னைக் கேட்காமல் உத்தரவு தரக் கூடாது என்று பெரியப்பா மகன் முன்கூட்டியே கேவியட் மனு போட்டிருந்தால் மட்டும் அவரையும் கேட்பார்கள். தடை கிடைத்த கையோடு மனு, பிராது (அசல் வழக்கு மனு), ஆவண நகல்களை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். பல பேர் கோட்டை விடுவது இங்கேதான். அப்புறம், உத்தரவை மீறிக் கல் வைத்தால் அதே கட்டளை 39-ன் 2-ஏ விதிப்படி சொத்து ஜப்தி, மூன்று மாதம் வரை சிவில் சிறை. அதற்கும் மனு போட வேண்டியது நீங்கள்தான்; தோண்டிய வானத்தை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.