வாகன மெக்கானிக் படிப்பு: போட்ட பணம் எப்போது திரும்பும்?
படிப்புக்குப் போட்ட பணம் கூடுதல் சம்பளமாகத் திரும்பிவர எடுக்கும் காலத்தைத்தான் இங்கே கணக்குப் போட வேண்டும். செலவு என்றால் கட்டணம் மட்டும் இல்லை. படிக்கும் 2 வருடமும் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் சம்பளமும் செலவுதான். அப்புறம் டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர் என்று கருவிகள். பலர் இதை மறந்தே விடுவார்கள்.

வரவில் முழுச் சம்பளத்தை எழுதக் கூடாது, படிக்காதவரைவிடக் கூடுதலாக வருவது மட்டுமே வரவு. தையல்காரர் புது மெஷின் வாங்கினால், கூடுதலாகத் தைத்த துணிதானே அதன் விலையை அடைக்கும்? மொத்தச் செலவு படிக்காதவரின் 36 மாதச் சம்பளம், மாதாமாதம் கூடுதலாக வருவது அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதி என்றால் 72 மாதம்; கால் பங்குதான் என்றால் 144 மாதம்.

சான்றிதழ் கைக்கு வந்ததுமே சம்பளம் ஏறிவிடும் என்பது தப்புக்கணக்கு: ஆயில் மாற்றும் வேலையில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, வயரிங் கோளாறைத் தேடிப் பிடிக்கும்போதுதான் தெரியும்.